எங்கே போய் வந்தவ?

மழைக்காட்டைப் பற்றிப் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறேன். பேசாலையில் புவியியல் ஆசிரியை நான். ஆனால் ஒரு மழைக்காட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. எங்கள் ஊரில் பனை, உடைமரம், உப்புக் காற்று, கரையோரம் வரிசையாக நின்று சுற்றும் காற்றாலைகள். இவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு நான்கு அடுக்குக் காட்டைக் கரும்பலகையில் கீறிக் காட்டும்போது கடைசி வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்.

"டீச்சர், அங்க மழை நிக்கவே நிக்காதெண்டால் உடுப்பு எப்பிடிக் காயும்?"

வகுப்பே சிரித்தது. பதில் எனக்கு என் மகள் அங்கே வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. காயாதாம். ஈரத்தோடேயே போட்டுக்கொள்வார்களாம்.

மகள் விலங்கியல் படித்தவள். பட்டம் முடிந்ததும் நாட்டின் தெற்கே ஒரு மழைக்காட்டில் நடக்கும் ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர்ந்தாள். இலங்கை, மலேசியா, பிரேசில், கமரூன் என்று நான்கு நாட்டுக்காரர் சேர்ந்து செய்யும் வேலை அது. நான்கு இடத்திலும் ஒரே அளவான காட்டுத் துண்டுகளைக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். வெட்டப்படாத காடு ஒரு துண்டு, பாதி வெட்டிய காடு ஒன்று, தோட்டத்து ஓரத்தில் மிஞ்சிக் கிடப்பது ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே முறையில் மரம், தவளை, பறவைக் குரல், ஓடைத் தண்ணீரில் உள்ள பூச்சி எல்லாம் எண்ணப்படும். மகளின் பங்கு எலி. பொறியில் விழும் காட்டெலியைக் கொஞ்ச நேரம் மயக்கி, காதுக்குள்ளும் வயிற்று மயிருக்குள்ளும் சீப்பால் வாரி, விழுகிற உண்ணிகளையும் அவற்றைவிடச் சிறிய, கண்ணுக்கே தட்டுப்படாத சிற்றுண்ணிகளையும் குப்பியில் சேர்த்துவிட்டு, எலியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பிறகு அந்தச் சிறு உயிர்கள் எந்தெந்தக் கிருமியைச் சுமக்கின்றன என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள்.

"எலிக்குப் பேன் பாக்கவே உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினனான்?" என்று என் கணவர் கேட்பார். அவர் வள்ளத்து எஞ்சின் திருத்துபவர். கையில் எப்போதும் எண்ணெய் இருக்கும்.

"ஓமப்பா. உங்கட தலையிலயும் ஒருக்காப் பாத்துவிடட்டே?"

"பார். அம்பிட்டால் பிரேசிலுக்கு அனுப்பு. எனக்கும் ஒரு பேர் வரட்டும்."

இப்படித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். நான் விளக்கம் கேட்பேன். யாருக்கு இதனால் என்ன பிரயோசனம்? அவள் பொறுமையாகச் சொல்வாள். காட்டை வெட்ட வெட்ட முதலில் பெரிய மிருகங்கள் போய்விடும். எலி பெருகும். எலியோடு உண்ணி பெருகும். காட்டு ஓரத்தில் குடியிருக்கும் ஏழைகளுக்குப் பெயர் தெரியாத காய்ச்சல் வரும். காடு முழுதாக நிற்கிற இடத்தில் அப்படி வருவது குறைவு என்று தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது போதாது. நான்கு நாட்டிலும் பார்த்தால்தான் நம்பலாம்.

"காடு மழைக்கு மட்டுமில்லையம்மா. வராமல் இருக்கிற காய்ச்சலுக்கும் அதுதான் காரணமாயிருக்கும். வராத காய்ச்சலை ஒருத்தரும் எண்ணுறதில்லை. நாங்கள் எண்ணப் பாக்கிறம்."

இன்னொன்றும் சொன்னாள். பிடித்த இடம் தெரியாத உண்ணி எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் குப்பைதானாம். ஆகவே பெயரை எழுதுவதற்கு முன் இடத்தை எழுதுவார்களாம்.

நான் பயந்த பெண். அவள் அங்கே போன நாளிலிருந்து பாம்புக்குப் பயந்தேன், யானைக்குப் பயந்தேன், மண்சரிவுக்கும் பயந்தேன். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி தெரியாத ஊரில் காட்டுக்குள் நடமாடுகிறாள் என்று யாராவது எதையாவது நினைத்துவிடுவார்களோ என்றும் பயந்தேன். ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பேன். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்குள் அவளுடைய குரல் கேட்கும். "அம்மா, அட்டை கடிச்சு ஒருத்தரும் சாகேல்லை. வையுங்கோ." கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு மட்டும் நான் பயந்திருக்கவில்லை.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்காக லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கிழமை வீட்டில் நின்றாள். மீன்குழம்பு, நித்திரை, கடற்கரை. பிறகு மூவரும் மடுவுக்குப் போனோம். ஒவ்வொரு வருடமும் போல மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துப் பாய் விரித்துப் படுத்தோம். இரண்டாம் நாள் தலை வெடிக்கிறது என்றாள். வெயில் என்று நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். காட்டை விட்டு வந்து நாளாகிவிட்டது, இனி அங்கிருந்து ஒன்றும் வராது என்று அவள் தனக்குள் முடிவு செய்திருந்தாளாம். அதைப் பிறகு சொன்னாள். கூட்டுப் பூசை முடிவதற்குள் உடம்பு நெருப்பாகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பனடோல் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. கண் சிவந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லத் தொடங்கினாள். "அம்மா, மூண்டாம் துண்டில பொறியை எடுக்கேல்லை" என்றாள். அன்றைக்குத்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே ஒருவரும் பிழை செய்யவில்லை.

வாட்டில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் டொக்டர். சிங்களவர். எங்கள் பக்கத்தில் வேலை செய்தே தமிழ் பழகியவர். நாடி பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை இந்த நாளுக்குள்ள எங்கே போய் வந்தவ? காடு, வயல், வெளிநாடு?"

"இல்லை சேர்," என்றார் என் கணவர். "வீட்டிலதான் இருந்தவ. மடுவுக்கு மட்டும் போட்டு வந்தனாங்கள்."

"என்ன வேலை?"

"கொழும்பில சேர். கந்தோரில எழுத்து வேலை."

ஒரு கணமும் யோசிக்கவில்லை அவர். பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். வாட்டுக்கு வெளியே, விபத்துக் கேசுகளைப் பதிவதற்காக இருக்கும் பொலிஸ்காரர் கதிரையில் சாய்ந்திருந்தார். வரும்போதே என் கணவர் அவரைப் பார்த்திருந்தார்.

இதை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யுத்த காலத்தில் ஒரு நாள் என் கணவரின் பெற்றோர் வீட்டுக்கு ஆட்கள் வந்து, மூத்த மகன், அவருடைய அண்ணை, எங்கே என்று கேட்டார்கள். அவருடைய தாய், என் மாமி, உள்ளதைச் சொன்னா. தடி வெட்டக் காட்டுக்குப் போயிருக்கிறான் என்றா. அவர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். அண்ணை தடியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு அவரை எவரும் காணவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் வந்து யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். வீட்டில்தான் இருந்தவன். வீட்டில்தான் இருந்தவ. எங்கள் தெருவில் பல வீடுகளில் அதுதான் பதில். சனத்தொகை எண்ண வந்தவர்களுக்கும், காய்ச்சல் பரப்பும் நுளம்புக்கு மருந்து அடிக்க வந்தவர்களுக்கும் அப்படியே சொன்னோம். பக்கத்தில் நின்ற எனக்கும் அது பொய்யாகக் காதில் விழவில்லை.

டொக்டர் தலையை ஆட்டினார். அந்த நேரம் மன்னாரில் டெங்கு. மடுவில் இலட்சக்கணக்கான சனம். வேறு எதை நினைப்பார்? டெங்குக்காரருக்குச் செய்வதைச் செய்தார்கள். குடிக்கும் தண்ணீரை அளந்தார்கள், சிறுநீரை அளந்தார்கள், மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் என் வயதை ஒத்த ஒரு பெண் இருந்தா. எங்களுக்கு முதலே வந்தவ. முன்னொரு காலத்தில் மலையகத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். முருங்கனுக்கு அங்கால் ஒரு கிராமம். கூலி வேலை. அவவுக்கும் காய்ச்சல், அவவுக்கும் டெங்கு என்றுதான் வைத்திருந்தார்கள். புருஷன் நிலத்தில் குந்தியிருப்பார். மெலிந்த மனிதர். எங்களுக்குச் சுடுதண்ணீர் எடுத்துவந்து தருவார்.

அந்தப் பெண்ணுக்கு நல்ல வாய். தாதி மிஸ்ஸி ஊசியோடு வருவதைக் கண்டால், "வந்துட்டாங்க. ஏன் மிஸ்ஸி, ஒடம்புல ரத்தம் மிச்சமிருந்தா வீட்டுக்கு விடமாட்டீங்களோ?" என்பா. மிஸ்ஸிக்கே சிரிப்பு வந்துவிடும். என் மகளின் தலைமயிரைப் பார்த்து, "என்னா முடிம்மா ஒங்க புள்ளைக்கு! பின்னிவிடுங்க, சிக்கு விழுந்துரும்" என்றா. நான் பின்னிவிட்டேன். அடுத்த நாள் அவ அவ்வளவாகப் பேசவில்லை. அதற்கடுத்த நாள் பேசவே இல்லை.

என் மகளுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியது. டெங்கு என்றால் இந்நேரம் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும் என்று மிஸ்ஸி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று முற்பகல், எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக, என் பைக்குள் செத்துக் கிடந்த மகளின் தொலைபேசியை எடுத்து வாட்டுச் சுவரில் சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் அது நிறுத்தாமல் அதிரத் தொடங்கியது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் செய்திகள் வந்து குவிந்தன. வாசிக்குமுன் அழைப்பு வந்துவிட்டது. மகளோடு காட்டில் ஒரே அறையில் தங்கும் சிங்களப் பிள்ளை. தமிழ் அரைகுறை.

"அம்மா? நீங்க அம்மா? ஏன் போன் எடுக்கல்ல? எங்கட மலேசியா அண்ணா சிக். சரியான சிக். மகளும் அவரும் ஒரே துண்டுல வேலை செய்தது."

அந்த மனிதர் தன் நாட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சலில் விழுந்திருக்கிறார். என்ன வேலை செய்கிறார் என்று அங்குள்ள டொக்டர்மார் கேட்டதும் காடு, எலி என்று சொல்லியிருக்கிறார். உடுப்பைக் களைந்து தேடி, தொடையில் ஒரு கறுப்பு வடுவைக் கண்டிருக்கிறார்கள். சிற்றுண்ணி கடித்த இடம். உண்ணிக் காய்ச்சல். அன்றைக்கே நான்கு நாட்டுக்கும் செய்தி பறந்திருக்கிறது. அந்தத் துண்டில் வேலை செய்த எல்லோரும் தேடப்பட்டார்கள். என் மகள் ஒருத்தியிடமிருந்துதான் பதில் வரவில்லை.

"சிகரட் வைத்து சுட்ட மாதிரி இருக்கும் அம்மா. வலிக்காது. மடிப்பு உள்ள இடத்தில பாருங்க. டொக்டர்கிட்ட காடு சொன்னீங்க தானே?"

நான் சார்ஜிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் தேநீர்ப் போத்தலோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பொலிஸ்காரர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொஞ்சம் பொறு" என்றார்.

"எதுக்குப் பொறுக்கிறது?"

"இப்ப போய் மாத்திச் சொன்னால், முதல் ஏன் மறைச்சனீங்கள் எண்டு கேப்பாங்கள். அங்க பார், பொலிஸ் இருக்கிறான்."

"கேக்கட்டும்."

"விசரே உனக்கு? ஒருக்கா ஒரு பேச்சு மாறினால் பிறகு நூறு கேள்வி வரும். உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அண்ணைக்கு நடந்தது தெரியும். உள்ளுக்க கிடக்கிறது அண்ணை இல்லையப்பா. உள்ளுக்க கிடக்கிறது எங்கட பிள்ளை."

அவர் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி நடந்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. பின்னால் வரவும் இல்லை.

டொக்டரைத் தேடிப் பிடித்தேன். மகள் மழைக்காட்டில் வேலை, எலியில் உண்ணி எடுக்கும் வேலை என்றேன். ஏன் முதலில் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தொலைபேசியை வாங்கி அந்தச் சிங்களப் பிள்ளையோடு வேகமாகப் பேசினார். பிறகு திரையை இழுத்து மறைக்கச் சொன்னார். மிஸ்ஸியும் நானும் மகளின் உடம்பைத் தேடினோம். பெற்ற பிள்ளையின் உடம்பை அப்படி அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது அவள் கைக்குழந்தையாக இருந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், அது இருந்தது. சின்னது. கறுப்பு. சுற்றிவரச் சிவப்பு. அட்டை கடித்த காயம் என்று அவள் விட்டிருப்பாள்.

அதற்குக் கொடுத்தது எங்கள் ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் சாதாரண மாத்திரைதான். விழுங்க முடியாத நிலையில் இருந்ததால் கரைத்துக் குழாய் வழியாக விட்டார்கள்.

டொக்டர் உடனே போய்விடவில்லை. எங்கள் கட்டிலின் காலடியில் நின்று யோசித்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "மிஸ், இவவையும் பாருங்க" என்றார். திரை அந்தப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பெண்ணின் அக்குளில் அதே கறுப்பு வடு இருந்தது. டொக்டர் வாட்டில் இருந்த ஒவ்வொரு காய்ச்சல்காரியையும் அப்படிப் பார்த்துக்கொண்டு போனார். வேறு ஒருவரிடமும் இல்லை.

பின்னேரம் என் மகளுக்கு மூச்சு மோசமாகி, அம்புலன்ஸில் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏறும்போது அந்தப் பெண்ணின் புருஷன் ஓடிவந்து எங்கள் நம்பரை வாங்கிக்கொண்டார். "புள்ளைக்கு எப்புடியிருக்குன்னு கேக்கணும்ல" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசி எடுத்தார். முதலில் என் மகளைப் பற்றிக் கேட்டார். கண் திறந்துவிட்டாள் என்றேன். "சந்தோசம்மா" என்றார். பிறகு, தன் மனைவி முந்தின நாள் பின்னேரம் போய்விட்டதாகச் சொன்னார். மருந்து கேட்கவில்லையாம். உடம்பு முந்தியே விட்டுவிட்டதாம்.

என் கணவர் அதைக் கேட்டதும் வெளியே போனார். அன்று முழுக்க ஆஸ்பத்திரி மதிலோடு நின்றார்.

எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டிருந்தது. முதல் நாள் கேட்ட கேள்விக்குக் காடு என்று சொல்லியிருந்தால், முதல் நாளே வடுவைத் தேடியிருப்பார்கள். எங்கள் பிள்ளையில் கண்டால் பக்கத்துக் கட்டிலையும் பார்த்திருப்பார்கள். அப்போது அந்தப் பெண் மிஸ்ஸியோடு பகிடி விட்டுக்கொண்டிருந்தா. இதை நாங்கள் வாய்விட்டுப் பேசவில்லை.

மகள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக வந்தாள். இடது காது கேட்கவில்லை. இந்தக் காய்ச்சலில் அப்படி வரும், சிலருக்குத் திரும்பிவரும், சிலருக்கு வராது என்றார்கள். இன்று வரை வரவில்லை. அவளோடு பேச நாங்கள் வலது பக்கம் போய் நிற்கப் பழகிக்கொண்டோம்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் அவர்களுடைய கூட்டம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மடிக்கணினியில் நான்கு நாட்டு முகங்கள். ஒரு நாட்டில் காலை, ஒரு நாட்டில் மாலை. மலேசியாக்காரரும் இருந்தார். நன்றாகத் தேறியிருந்தார். பிரேசில் நாட்டுப் பெண்மணி, வயதானவர், ஆராய்ச்சியின் தலைவி, என் மகளிடம் மெதுவாகக் கேட்டார்: உனக்கு ஏன் இவ்வளவு பிந்தியது? மகள் சொன்னாள்: நான் நினைவில்லாமல் இருந்தேன், காட்டில் வேலை என்று ஆஸ்பத்திரிக்குத் தெரியவில்லை. அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். எவரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தாள். என் கணவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலம் முழுதும் விளங்காவிட்டாலும் அந்த இடம் அவருக்கு விளங்கியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிக் காட்டை மட்டும் பார்த்தால் போதாது. மழைக்காட்டு ஓரத்தில் மட்டுமல்லாமல் எங்கள் வறண்ட பற்றைக்காட்டு ஓரத்திலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அந்த வடுவின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது, எந்தப் பக்கத்து உண்ணியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியப்படுத்துவது. நல்ல முடிவு. நான் புவியியல் ஆசிரியை, அதன் பெறுமதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையில் பழங்களைத் தோல் சீவிக்கொண்டு இருந்தபோது என் மனதில் ஒன்றுதான் ஓடியது. நான்கு நாடு சேர்ந்து தேடிய அறிவு, கட்டிலடியில் நிற்கும் ஒரு தகப்பனின் வாய் வரை வந்துவிட்டு நின்றது. அந்த வாயை எந்தப் படத்தைக் காட்டித் திறப்பார்கள்?

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு, வாசலில் ஓர் ஆள் நின்றார். கையில் ஒரு பை கச்சான் கடலை. அந்தப் பெண்ணின் புருஷன். முருங்கனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"உள்ளுக்கு வாங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டேன். மகளின் இடது பக்கம் இருந்த கதிரை அது.

அவர் நன்றி சொல்ல வந்திருந்தார். மனைவியைப் புதைத்த கொஞ்ச நாளில் அவருடைய சின்ன மகளுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர். பிள்ளையைக் கண்டதும் வடுவைத் தேடியிருக்கிறார். காதுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அன்றைக்கே மாத்திரை.

"இப்ப பள்ளிக்கூடம் போகுது. ஒங்க புள்ளையாலதாங்க. ஒங்க புள்ளைக்குக் கண்டுபிடிக்கலன்னா எம்புள்ளையும் போயிருக்கும். அதான், பாத்துட்டுப் போகலாம்னு." கச்சான் பையை என் கணவரிடம் நீட்டினார். "நம்ம தோட்டத்துதாங்க. வாங்கிக்குங்க அண்ணே."

என் கணவர் கையை நீட்டவில்லை. பை அந்தரத்தில் நின்றது. நான் போய் வாங்கினேன்.

அவர் என் மகளின் பக்கம் திரும்பினார். கொஞ்சம் உரத்துத்தான் கேட்டார். "தங்கச்சி, நீங்க படிச்சவங்க. ஒங்களுக்குத் தெரியும். எஞ்சம்சாரத்துக்கு அந்த மாத்திரைய மொதல்லயே குடுத்திருந்தா தப்பிச்சிருக்குமா?"

பொய் சொல்லிவிடு பிள்ளை என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அப்படி வளரவில்லை.

"வந்த அண்டைக்கே குடுத்திருந்தால், அண்ணை, பெரும்பாலும் தப்பியிருப்பா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போது என் கணவர் பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல மிகத் தணிந்த குரலில்.

"டொக்டர் முதல் நாளே எங்களிட்டக் கேட்டவர். எங்க போய் வந்தவ எண்டு கேட்டவர். நான்தான் வீட்டில இருந்தவ எண்டு சொல்லிப்போட்டன். சொல்லியிருந்தால் உங்கட மனுசியையும் அண்டைக்கே பாத்திருப்பார்."

நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் எழும்பி அடித்தாலும் சரிதான் என்று நினைத்தேன். அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரலும் இறங்கிவிட்டிருந்தது.

"எங்கிட்டயும் கேட்டாருங்க," என்றார். "எஞ்சம்சாரம் கம்பு வெட்டப் போனது அரசாங்கக் காவல் காட்டுக்குள்ளங்க. சொன்னா பிடிச்சு வழக்குப் போட்டுருவாங்கன்னு... நானும் வீட்டுலதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மகள் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கேட்காத பக்கத்தில் இருந்து, அவ்வளவு தணிவாகப் பேசியது அவளுக்கு எட்டியிருக்கவில்லை.

"அம்மா, என்னவாம்?" என்றாள்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கச்சான் பையை மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய வலது பக்கம் போய்க் குனிந்து, அவளுக்குக் கேட்கும்படி, அதாவது அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி, அப்பா என்ன சொன்னவர் என்றும் இவர் என்ன சொன்னவர் என்றும் சொன்னேன். என் குரலில் கேட்டபோது அது இன்னும் மோசமாக இருந்தது.

மகள் தன் தகப்பனைப் பார்த்தாள். அவர் எழும்பி, பின் கதவால் எஞ்சின் கொட்டிலுக்குப் போனார். சுத்தியல் சத்தமோ வேறு எந்தச் சத்தமோ அங்கிருந்து வரவில்லை.

அவள் கதிரையைத் திருப்பி, கேட்கும் காது அந்த மனிதரின் பக்கம் வரும்படி இருந்தாள்.

"எந்தப் பக்கக் காடு அண்ணை?" என்று கேட்டாள்.

அவர் வாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். எந்தக் குளக்கட்டால் இறங்கி, எந்த முறிந்த வேலிக்கு அங்கால், எந்தப் பற்றைக்குள் என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேர பஸ்ஸுக்கு நான்தான் அவரைத் தரிப்பிடம் வரை கூட்டிக்கொண்டு போனேன். அவர் என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கொட்டில் பக்கம் பார்த்தார். நான் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் மகள் காட்டுக்குத் திரும்பப் போகிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவும் மகளும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். கறியைத் தள்ளு, தண்ணீரை எடு என்கிறார்கள். எலியைப் பற்றியும் பேனைப் பற்றியும் இப்போது ஒருவரும் பகிடி விடுவதில்லை. அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அவள் கேட்காத காதைத் திருப்பிக்கொள்கிறாளா, அல்லது தற்செயலாக அந்தப் பக்கம் திரும்புகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் எழும்பி மற்றப் பக்கம் வந்து நிற்பதில்லை.